பாடியவர் பெற்றது என்ன?

கல்வியின் பயன் யாது என்று வினவினால், வேலை கிடைக்கும், மதிப்பு உயரும் என்றே நம்மில் பலர் விடை கூறுவர். அவ்விடை தவறன்று, ஆயினும் முழுமையானதன்று. தன் உழைப்பின் பயன் யார் கைக்குச் செல்கிறது என்பதைக் கேட்டறியும் துணிவும் கல்வியின் பயனேயாகும். இவ்வுண்மையை விளக்க, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வரலாற்றிலிருந்து மூன்று பெண்மணிகளின் வாழ்க்கையை எடுத்துரைக்க விழைகிறேன்.

அம்மக்களின் வரலாறு நமக்கு அயலானதன்று. ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டு, 1946 இல் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் அறிஞர் டூபாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதினார். அவரும் மறுமொழி விடுத்தார். கடல் கடந்த அம்மக்களின் போராட்டத்தை அண்ணல் உன்னிப்பாகக் கவனித்து வந்தார் என்பதற்கு அம்மடல் சான்று.

'சோல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். அடிமைகளின் வழித்தோன்றல்கள் தம் தேவாலயங்களில் பாடிய பாடலின் உருக்கமும், ஊர்க் கூடங்களில் வளர்ந்த 'ரிதம் அண்டு புளூஸ்' இசையின் துள்ளலும் ஒன்றுகூட, 1950களின் பிற்பகுதியில் இவ்விசை உருப்பெற்றது. தென் மாநிலங்களில் வெள்ளையரோடு ஓர் உணவகத்தில் அமர்ந்து உண்ணவும் கறுப்பினத்தவருக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்த காலம் அது. ஆளுக்கு வாயில் அடைக்கப்பட்டிருந்தது. அவர் குரலோ வானொலி வழியே எல்லார் வீட்டிற்குள்ளும் நுழைந்தது.

இனி, இசைத்தட்டுத் தொழிலின் கணக்கு எவ்வாறு இயங்கியது என்பதை அறிதல் வேண்டும். இசைத்தட்டு விற்கும்போது பாடகருக்கு ஒரு சிறு பங்கு உரியது. அதற்கு ராயல்டி என்று பெயர். ஆனால் பாடகருக்கு முன்பணமாகக் கொடுத்த தொகையும், ஒலிப்பதிவுக்கு ஆன செலவும் அச்சிறு பங்கிலிருந்தே கழிக்கப்பட்டன. கணக்கேட்டை எழுதியது நிறுவனம். அதைப் படித்துப் பார்க்கும் பயிற்சி பாடகருக்கு இருந்ததில்லை. ஆகவே இலட்சக்கணக்கில் தட்டு விற்ற பின்னரும் பாடகர் கடன்காரராகவே ஏட்டில் நிற்க நேர்ந்தது. பண்ணையில் பற்று எழுதி வைத்து, அறுவடை தோறும் கடன் மீதி காட்டும் வழக்கத்தை நம் முதியவர்கள் அறிவார்கள். இதுவும் அத்தகையதே.

புளோரன்ஸ் பல்லார்டு

டெட்ராய்ட் நகரில், ஏழைகளுக்கென அரசு கட்டிய குடியிருப்பில் வளர்ந்தவர் புளோரன்ஸ் பல்லார்டு. 1943 இல் பிறந்தவர். 1959 இல் தோழியரோடு ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, ஒரு நடனக் கூடத்திலிருந்து வீடு திரும்புகையில், கத்தி முனையில் வன்கொடுமைக்கு ஆளானார். அப்போது அவருக்கு வயது 17. உடலில் பட்ட காயம் ஆறலாம். உள்ளத்துக் காயத்திற்கு மருந்திட அந்நாளில் எவரும் முன்வரவில்லை. அதை மறைத்துக்கொண்டே அவர் மேடை ஏறினார்.

1961 சனவரியில் அக்குழு 'மோட்டவுன்' நிறுவனத்தில் சேர்ந்தது. அப்போது 'சுப்ரீம்ஸ்' என்னும் பெயரைத் தெரிந்தெடுத்தவர் புளோரன்சே. 1964 முதல் 1967 வரை அக்குழுவின் 10 பாடல்கள் நாட்டின் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றன. ஆனால் 1967 இல் குழுவின் பெயர் மற்றொரு பாடகியை முன்னிறுத்தி மாற்றப்பட்டது. புளோரன்ஸ் மனம் சோர்ந்து மதுவை நாடினார். நிகழ்ச்சிகளுக்கு வரத் தவறினார். அவ்வாண்டே குழுவினின்று நீக்கப்பட்டார். 1968 இல் ஏறத்தாழ 1,40,000 டாலர் தீர்வுத் தொகையாகக் கிடைத்தது. அதன் நிபந்தனைகளுள் ஒன்று, தாம் சுப்ரீம்ஸ் குழுவில் பாடியவர் என்று அவர் விளம்பரம் செய்யலாகாது என்பது. பெயர் சூட்டியவருக்கே அப்பெயர் விலக்கப்பட்டது!

1971 இல் அவர் நிறுவனத்தின் மீது 87 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார், வழக்குத் தள்ளுபடியாயிற்று. வீடு கைவிட்டுப் போயிற்று. மூன்று பெண் மக்களோடு அரசின் உதவித் தொகையை நம்பி வாழ்ந்தார். 1976 பிப்ரவரி 22 அன்று இதய நோயால் மறைந்தபோது அவருக்கு வயது 32.

இங்கே ஒன்றை நாம் மறைத்தலாகாது. மோட்டவுன், வெள்ளையர் நடத்திய நிறுவனமன்று. 1959 இல் பெர்ரி கார்டி என்னும் கறுப்பின இளைஞர் தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்றுத் தொடங்கியது. அது அம்மக்களின் பெருமை. பல ஏழை இளைஞரை உலகறியச் செய்தது. ஆயினும் இசைத்தட்டு வெளியிடுவோரும், பாடகரின் மேலாளரும், பாடல் உரிமைக்குச் சொந்தக்காரரும் அங்கே ஒருவரே. பாடகருக்காக நிறுவனத்திடம் வாதாட வேண்டிய மேலாளர், அந்நிறுவனத்தின் ஆளாகவே இருந்தார். நடத்துபவர் நம்மவர் என்பதனால் மட்டும் கணக்கு நேராகிவிடுவதில்லை.

டினா டர்னர்

1939 இல் டென்னசி மாநிலத்துப் பருத்திச் சிற்றூர் ஒன்றில் பிறந்த ஆனா மே புல்லக் என்பவரே பின்னாளில் டினா டர்னர் எனப் புகழ் பெற்றார். அப்பெயரைச் சூட்டியவர் அவருடைய குழுத் தலைவரும் கணவருமான ஐக் டர்னர். வருமானம், ஒப்பந்தம், பயணம் அனைத்தும் ஐக் கையில். மேடையில் கைதட்டல், வீட்டில் அடி உதை. முகத்து வீக்கத்தை ஒப்பனையால் மறைத்துப் பாடிய இரவுகள் பல.

1976 சூலையில் டல்லஸ் நகரில், அடிபட்ட முகத்துடன் அவர் விடுதியினின்று வெளியேறினார். கையில் இருந்தது 36 சென்ட். நெடுஞ்சாலையைக் கடந்து எதிரிலிருந்த விடுதியில் அடைக்கலம் புகுந்தார். 1978 இல் மணமுறிவு முடிவானபோது, பாடல் வருமானத்தில் பங்கு கேளாமல், தம் மேடைப் பெயரை வைத்துக்கொள்ளும் உரிமையையே முதன்மையாகக் கேட்டுப் பெற்றார். நின்றுபோன நிகழ்ச்சிகளின் கடனையும் சுமந்தார். சிறு விடுதிகளில் பாடிக் கடனை அடைத்தார். 1984 இல் தம் 44ஆம் வயதில் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றார். 1986 இல் தாம் பட்டதைத் தம் வரலாற்று நூலில் உலகறியச் சொன்னார். 2023 இல் 83ஆம் வயதில் காலமானார்.

ரூத் பிரவுன்

இவர் சோல் இசைக்கு வழியமைத்த முன்னோடி. 1928 இல் பிறந்தவர். சாலை விபத்தில் கால்கள் நொறுங்கி மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே 'அட்லாண்டிக்' நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1950களில் அவர் பாடல்கள் பெருக விற்றமையால், அந்நிறுவனத்தை ரூத் கட்டிய வீடு என்றே மக்கள் வழங்கினர். அவ்வீட்டில் அவருக்கு இடமிருந்ததா? 1960களில் அவர் பிறர் வீட்டில் பணிப்பெண்ணாகவும், பள்ளிப் பேருந்து ஓட்டுநராகவும் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். வானொலியில் தம் பாட்டு ஒலிக்க, அவர் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்தார். ராயல்டி கேட்டபோது, அவர்தாம் நிறுவனத்திற்குக் கடன்பட்டவர் என்று விடை வந்தது.

ஆனால் அவர் ஓயவில்லை. சட்டம் அறிந்த ஒருவரின் துணை கொண்டு ஒப்பந்தங்களையும் கணக்குகளையும் வரிவரியாக ஆராயச் செய்தார். நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 1988 இல் நிறுவனம் இறங்கி வந்தது. அவருடைய கடன் மட்டுமன்றி, அவரையொத்த பழம்பெரும் பாடகர் பலரின் கடனும் தள்ளப்பட்டது; பழைய ராயல்டியும் வழங்கப்பட்டது. நலிந்த கலைஞர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளையும் நிறுவப்பட்டது. ஒருவர் கேட்டார், பலர் பெற்றனர். 2006 இல் அவர் மறைந்தார்.

இளைஞர்களே! இம்மூவருக்கும் திறமை குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை. குறைந்தது எது? தம் பெயரால் எழுதப்பட்ட தாளைப் படித்துக் கேள்வி கேட்கும் வாய்ப்பு. புளோரன்சுக்கு அது காலத்தில் கிட்டவில்லை. டினா எல்லாவற்றையும் இழந்து பெயரை மீட்டார். ரூத் காலம் தாழ்ந்தேனும் கணக்கை மீட்டார். அடித்தவனைப் பற்றிப் பேசுவது பெண்ணுக்கு இழுக்கன்று. அடித்ததே இழுக்கு என்பதையும் டினாவின் வாழ்க்கையிலிருந்து நம் ஆண்மக்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே, வேலைக்குச் சேரும்போதும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடும்போதும் படித்துப் பார்த்து ஒப்பமிடுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள். வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் பொதுக்குழுவிலும் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும்போது எழுந்து சென்றுவிடாதீர்கள். அமர்ந்து கேளுங்கள், ஐயமிருப்பின் வினவுங்கள். அதனால் எவருக்கும் மனவருத்தம் வேண்டியதில்லை. கணக்குக் கேட்கும் உறுப்பினரே சங்கத்திற்குக் காவல்.