ஓசூருக்குப் பிள்ளைகள் போன காலம்

பதிவு கொஞ்சம் நீளம்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் மகளோடு வீட்டுக்கு வந்தார். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாள். "தாத்தா, லீவுல இன்டர்ன்ஷிப் போகணுமாம். எங்க போய்க் கேக்கறதுன்னே தெரியல" என்றாள். ஆன்லைனில் யாரோ, மூவாயிரம் கட்டினால் வீட்டிலிருந்தே சர்டிபிகேட் என்கிறார்களாம். "கட்டிடலாமா சார்?" என்றார் அப்பா. வேண்டாம் என்றேன். அவர்கள் போன பிறகு எனக்கு 1986 ஞாபகம் வந்துவிட்டது.

இன்றைய பிள்ளைகளுக்கு ஓசூர் பக்கத்து மாவட்டம். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரியும்வரை அது நம் தர்மபுரி மாவட்டம்தான். 1970களில் அங்கே சிப்காட் வந்தது. 1980 வாக்கில் டிவிஎஸ் 50 மொபெட், அசோக் லேலண்ட் என்று தொழிற்சாலைகள் ஓட ஆரம்பித்தன. நாமோ இங்கே மழையைப் பார்த்து ராகி விதைத்துக்கொண்டிருந்தோம்.

1984ல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கின. கடிகாரம் செய்யக் கை பழகிய ஆள் வேண்டும். பக்கத்திலேயே பெங்களூரில் எச்.எம்.டி. 1961லிருந்து வாட்ச் செய்துகொண்டிருந்தது. அனுபவம் உள்ளவர்கள் சிலர் அங்கிருந்து வந்தார்கள். ஆனால் இயந்திரத்தில் உட்கார, நம் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் படித்து முடித்த பதினேழு பதினெட்டு வயசுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ப்ளஸ் டூ தமிழ்நாட்டுக்கு வந்ததே 1978ல்தான். அதுவரை வாட்ச் கட்டியே பார்க்காத பிள்ளைகள் வாட்ச் செய்யப் போனார்கள்!

எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். வீட்டை விட்டுப் போகாத பிள்ளைகள் ஊர் மாறினால் தாங்குவார்களா? கம்பெனி வீடு பார்த்து அவர்களைத் தங்கவைத்து, கூடவே வளர்ப்புப் பெற்றோர் மாதிரி பெரியவர்களையும் அமர்த்தியது. வேலையைப் பழக்குவதற்கு முன்னால் பிள்ளையை அந்த ஊரில் இருக்கப் பழக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக்கூட அதைச் சொல்லித்தரவில்லை. பாடக்குறிப்பேட்டைக் கையில் கொடுத்து, தெரியாத ஊர்ப் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் வாரம் முழுக்க எனக்கு வயிற்றுப்போக்கு.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று நான் ஐந்து வருஷ சர்வீஸ் உள்ள நடுநிலைப் பள்ளி வாத்தியார். என்னிடம் எட்டாவது படித்த பெண் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். கணக்கில் கெட்டி, கையெழுத்து அச்சு மாதிரி. அவள் அப்பா வந்து, "ஓசூர்ல வாட்ச் கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்களாம், அனுப்பலாமா சார்?" என்றார். "பொம்பளப் பிள்ள, அவ்வளவு தூரம் எதுக்குங்க" என்றேன். ஒரு கடிதம் போட்டு விசாரித்திருந்தால் எங்கே தங்குவார்கள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்திருக்கும். விசாரிக்கவில்லை. அடுத்த தை மாசம் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தபோது அவர், "நீங்க சொன்னதாலதான் சார் நிறுத்திட்டேன்" என்று நன்றியோடு சொன்னார்.

இந்தப் பெண்ணை மறுபடி ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னேன். 1961 அப்ரண்டிஸ் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். டிப்ளமோ முடித்தவர்களை 1973ல் அதில் சேர்த்தார்கள். அதன்படி பழகுநருக்குக் கம்பெனிதான் உதவித்தொகை தர வேண்டும். படிக்கும்போது போகும் இன்டர்ன்ஷிப் அந்தச் சட்டத்தில் வராது, சம்பளம் இல்லாமலும் இருக்கலாம். அதற்காக நாம் பணம் கட்டுவதா? 2022ல் வந்த நான் முதல்வன் திட்டத்தில் என்ன இருக்கிறது என்று கல்லூரியில் கேட்கச் சொன்னேன். ஒர்க் ஷாப்பில் லேத்தில் என்ன செய்தாய் என்று கேட்டதற்கு முதலில் முழித்தாள். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டாள். அதைத்தான் விண்ணப்பத்தோடு வைக்கப்போகிறோம்.

அப்பாவுக்கு ஓசூரில் தங்குமிடம்தான் கவலை. வருகிற சனிக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறி நேரில் பார்த்துவரப் போகிறோம்.

அந்த முதல் செட்டில் வாட்ச் கம்பெனிக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், பிள்ளைகள் தங்க நல்ல இடம் எது என்று சொல்லுங்கள்.