புயல்நேரத் தேன்கூட்டின் குறுந்துடிப்பு: ஆணையா, திடுக்கிடலா?

கடுமழையின்போது ஐரோப்பியத் தேனீக்களின் கூட்டிலிருந்து எழும் ஒலியை, வெளியே செல்லாதிருக்கும்படி குடியிருப்பு தனக்குள் விடுக்கும் எச்சரிக்கையாக வாசிக்கத் தோன்றலாம். அவ்வாசிப்பு பெரிதும் சார்ந்திருப்பது 'நிறுத்தக் குறி' எனப்படும் குறுந்துடிப்பை. அதாவது, ஏறத்தாழ 350 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நொடியின் சிறு பகுதியே நீடிப்பதும், உணவிடத்தை நடனத்தால் அறிவிக்கும் தேனீயைப் பிறிதொரு பணித்தேனீ தலையால் முட்டும்போது எழுவதுமான அதிர்வை. உணவிடத்தில் தாக்கப்பட்ட தேனீக்கள் கூடு திரும்பி, அதே இடத்தை அறிவிப்போரை இவ்வாறு தடுப்பதை 2010ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. அந்த முடிவு இங்கே மறுக்கப்படவில்லை. ஓர் ஆபத்துக்குரிய குறி எல்லா ஆபத்துக்கும் உரியது என்று கொள்வதே ஏற்கத்தக்கதன்று.

இங்கிலாந்திலும் பிரான்சிலும் தேனடையின் மெழுகுக்குள் முடுக்கமானிகளை (அதிர்வை அளக்கும் நுண்கருவிகளை) பதித்து நாட்டிங்காம் டிரெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்து, 2017இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியிட்ட நெடுங்காலப் பதிவு இவ்விடத்தில் தீர்க்கமானது. புயலை ஆராய எடுக்கப்பட்டதன்று எனினும், அது காட்டும் இரு செய்திகள் அவ்வாசிப்பின் அடித்தளத்தையே அசைக்கின்றன. முதலாவது, இத்துடிப்பு இரவில் மிகுந்து, நண்பகலை நெருங்குகையில் குறைகிறது. இரை தேடப் போவோரே இல்லாத இரவில் இரைதேடலை நிறுத்தும் ஆணை மிகுவதற்குக் காரணம் காண்பது அரிது. இரண்டாவது, தேனீப்பெட்டியை மெல்லத் தட்டினாலே திரளான தேனீக்கள் ஒருங்கே இத்துடிப்பை எழுப்புகின்றன. ஆகவே இதனைப் பெரும்பாலும் திடுக்கிடலின் வெளிப்பாடாக அவ்வாய்வாளர்கள் கொண்டது பொருத்தமே.

இதனைப் புயலுக்கு நீட்டுவதில் எச்சரிக்கை தேவை. ஆயினும் நீட்டாமல் விடுவதற்கில்லை. கால்களிலுள்ள உணர்வுறுப்பால் தேனடையின் அதிர்வை நுட்பமாக அறியும் தேனீக்கு, மூடிமேல் அறையும் மழைத்துளியும் சட்டங்களை உலுக்கும் காற்றும் தட்டும் விரலிலிருந்து வகையால் வேறானவை அல்ல. மழைக்கு முன்பே துடிப்பு கூடுமானால் அது முன்னறிவிப்பாகாதா என்று கேட்கலாம். வானம் இருண்டதும் திரளாகத் திரும்பும் தேனீக்கள் நெருக்கத்தில் ஒன்றோடொன்று மோதுவதே அதற்குப் போதிய விளக்கம். அடைபட்ட கூட்டில் ஈரமும் கரியமில வாயுவும் மிகுவதால் தேனீக்கள் சிறகால் விசிற எழும் தொடர் முரல்வையும் இத்துடிப்போடு கலந்து 'புயலொலி' என ஒரே பெயரிட்டால் குழப்பமே மிகும்.

இவ்வாதத்தைச் சோதிக்கும் வழி எளிது. ஒரே தோட்டத்தில் திறந்த வெளியிலும், துளி படாமலும் தரை அதிராமலும் காக்கும் கொட்டகைக்குள்ளும் பெட்டிகளை வைத்து, இரவுப் புயலின்போது துடிப்புகளை எண்ண வேண்டும். கொட்டகைப் பெட்டியிலும் அவை அதே அளவு கூடினால் எச்சரிக்கை என்ற வாசிப்பு மீண்டும் உயிர்பெறும், கூடாவிடில் அதனைக் கைவிட வேண்டியிருக்கும்.