வாய் வெண்படல நோய்: ஒரு வரலாற்றுப் பார்வை

பால் குடிக்கும் குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளையாகப் படிவதே வாய் வெண்படலம். பழைய தமிழ் வழக்கில் இதற்கு அக்கரம் என்று பெயர். சாதாரணமாகத் தோன்றும் இந்த நோயின் காரணத்தைக் கண்டறிய மனிதனுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

கி.மு. 400 வாக்கில், ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களிலேயே நலிந்த நோயாளிகளின் வாயில் தோன்றும் இப்புண் பற்றிய குறிப்பு உள்ளது. ஆனால் நெடுங்காலம் வரை இது உடலே சுரந்து வெளிப்படுத்தும் படிவு என்றுதான் பலரும் கருதினர்.

காரணம் கண்டறிதல்

1839இல் ஜெர்மானிய மருத்துவர் லாங்கன்பெக், காய்ச்சலில் இறந்த ஒருவரின் வாயிலும் தொண்டையிலும் ஒரு பூஞ்சையைக் கண்டார். அதுவே காய்ச்சலுக்குக் காரணம் என்று தவறாக எண்ணிவிட்டார். ஸ்டாக்ஹோம் நகரக் குழந்தைகள் இல்லத்தின் மருத்துவர் பெர்க் 1841இலும், பாரிஸில் டேவிட் குரூபி 1842இலும் வெண்படலத்துக்குக் காரணம் பூஞ்சையே என்று அறிவித்தனர். இதை நிரூபிக்க பெர்க், படலத்தை எடுத்து நலமான குழந்தைகளின் வாயில் தடவிப் பார்த்தார். இன்று எந்த மருத்துவ நெறிமுறைக் குழுவும் இச்சோதனையை அனுமதிக்காது.

1853இல் சார்லஸ் ராபின் இப்பூஞ்சைக்கு 'அல்பிகன்ஸ்' என்ற பெயரைச் சூட்டினார். 1923இல் நெதர்லாந்தின் பெர்க்ஹவுட் அம்மையார் 'கேன்டிடா' என்ற பேரினப் பெயரைத் தந்தார். லத்தீனில் இரு சொற்களுமே வெண்மையைக் குறிப்பவை.

இரு பெண்கள் தந்த மருந்து

1920களில் ஜென்ஷியன் வயலட் என்ற ஊதா மருந்து வாயில் பூசப்பட்டது. 1940களில் பெனிசிலின் வந்ததும் புதிய சிக்கல் எழுந்தது. இப்பூஞ்சை நலமான பலரின் வாயிலும் அமைதியாக வாழ்வது. அதை அடக்கி வைத்திருந்த பாக்டீரியாக்களை மருந்து அழித்ததும் பூஞ்சை பெருகியது.

இதற்குத் தீர்வு தந்தவர்கள் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் பணியாற்றிய எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள். ஹேசன் நியூயார்க் நகரில் மண் மாதிரிகளில் இருந்து நுண்ணுயிர்களை வளர்த்தார். வேதியியலாளரான பிரவுன் ஆல்பனி நகரில் அவற்றின் சாரத்தைப் பிரித்தெடுத்தார். மாதிரிகள் தபாலில் போய் வந்தன. வர்ஜீனியாவில் ஒரு பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் வெற்றி தந்தது. 1950இல் அறிவிக்கப்பட்ட அம்மருந்துக்கு, நியூயார்க் மாநிலத்தின் பெயரை ஒட்டி நிஸ்டாடின் என்று பெயரிட்டனர். உரிமத் தொகையாகக் கிடைத்த 1.3 கோடி டாலருக்கும் மேலான பணத்தில் இருவரும் தமக்கென எதுவும் எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே வழங்கினர் என்பது குறிப்பிடத்தக்கது.

வாய் தந்த எச்சரிக்கை

1981 ஜூன் 5 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் ஐந்து இளைஞர்களைப் பற்றி அமெரிக்காவில் ஓர் அறிக்கை வெளியானது. அரிய வகை நிமோனியாவுடன் ஐவருக்கும் கேன்டிடா தொற்றும் இருந்தது. பின்னர் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயின் முதல் அறிக்கை அதுவே. நலமான இளைஞரின் வாயில் காரணமின்றி வெண்படலம் தோன்றினால் எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்க வேண்டும் என்பதை மருத்துவ உலகம் அப்போது கற்றது.

இன்றைய பாடம்

பால் படிவு எளிதில் துடைபடும். வெண்படலத்தைத் துடைத்தால் அடியில் சிவந்து, சில சமயம் ரத்தம் கசியும். துடைத்தும் போகாத வெள்ளைத் தழும்பு வேறு நோயாக இருக்கலாம். புற்றுநோயின் முன்னோடியாகவும் இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் உடனே வாய் கொப்பளிப்பதும், பல்செட் அணிபவர்கள் இரவில் கழற்றிச் சுத்தம் செய்வதும், நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் தடுப்பு முறைகள். தாய்க்கும் சேய்க்கும் தொற்று இருந்தால் இருவருக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும்.

நலிந்த உடலில்தான் இந்நோய் தலைதூக்கும் என்பதைப் பண்டைய கிரேக்கர்கள் கவனித்திருந்தனர். பூஞ்சையைக் கண்டறிந்த பிறகும் அந்த உண்மை மாறவில்லை. ஆகவே படலத்தை நீக்குவதோடு நில்லாமல், அது ஏன் வந்தது என்று கேட்பதே முழுமையான சிகிச்சை ஆகும்.