எட்டரை மணி மழை

வீரகேரளம்புதூரில் நேற்று மழை பெய்ததா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஊத்துமலை ஜமீன் அரண்மனைப் பக்கம் இருப்பவர் "நல்ல மழை" என்பார். சிற்றாற்றுக்கு அக்கரையில் வயல் உள்ளவர் "மண்ணே நனையலியே" என்பார். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் இங்கே வருவது பெரும்பாலும் காற்றுதான். போகிற போக்கில் சட்டையை நனைத்துவிட்டுப் போகும். அதை மழைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? இப்படிப்பட்ட கேள்விக்கெல்லாம் ஐரோப்பாவில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பதில் தேடியவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி எனக்குத் தெரியவந்தது மழைமானியால்தான்.

வருவாய்த் துறையில் நான் எழுத்தராக இருந்தபோது தாலுகா ஆபீஸ் வளாகத்து மழைமானி சில காலம் என் பொறுப்பில் இருந்தது. சைமன்ஸ் மழைமானி என்று பெயர். ஐந்து அங்குல வாய், பித்தளை விளிம்பு, உள்ளே புனல், அதற்கடியில் பாட்டில். விளிம்பு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் மரமோ சுவரோ கூடாது. காலை எட்டரைக்குப் பூட்டைத் திறந்து, புனலில் கிடக்கும் வேப்பிலையை எடுத்துப் போட்டுவிட்டு, பாட்டில் தண்ணீரை அளவு கிளாஸில் ஊற்றுவேன். "தம்பி, கையைத் தூக்கிப் பிடிச்சிட்டு அண்ணாந்து பாக்கக் கூடாது. கண்ணுக்கு நேரா வச்சு, நடுவுல குழிஞ்சு நிக்குது பாரு, அதைப் படி" என்று கற்றுக்கொடுத்தவர் எங்கள் தலைமை எழுத்தர். பாட்டில் ஈரமாக இருந்து, அளக்கும்படி தண்ணீர் இல்லையென்றால் 'ட்ரேஸ்' என்று எழுத வேண்டும். எங்கள் ஊர்ச் சாரலுக்குப் பல நாள் அதுதான் கதி.

ஒரு நாளை 'மழை நாள்' என்று சொல்ல 2.5 மில்லிமீட்டராவது பெய்திருக்க வேண்டும். அதென்ன இரண்டரைக் கணக்கு? பழைய பதிவேடுகளில் மழை அங்குலத்திலும் சென்ட்டிலும் இருக்கும். நூறு சென்ட் ஓர் அங்குலம். பத்து சென்ட் பெய்தால் மழை நாள். மெட்ரிக் முறை வந்ததும் அந்தப் பத்து சென்ட் இரண்டரை மில்லிமீட்டர் ஆயிற்று. மெட்ரிக் மில்லிமீட்டருக்குள் பழைய அங்குலக் கணக்கு இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

கருவியும் ஆளும் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு எங்களுக்குத் தெற்கே உள்ள அகத்தியமலையே சாட்சி. திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852இல் வந்த ஜான் ஆலன் புரவுன், திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆதரவில், 1855இல் அந்த மலையுச்சியில் வானிலையையும் பூமியின் காந்தத்தையும் அளக்க ஒரு நிலையம் அமைத்தார். காடு வெட்டிப் பாதை போட்டு, கருவிகளை மேலே சுமந்து சென்று, மலையிலும் திருவனந்தபுரத்திலும் ஒரே நேரத்தில் அளவெடுக்க ஆள் வைத்தார். எடுத்த காந்த அளவுகள் புத்தகமானது 1874இல். அதற்குள் அவர் ஊர் திரும்பி ஏறக்குறைய பத்தாண்டு ஆகியிருந்தது.

சமவெளியில் வேறு சிக்கல். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1790களிலிருந்தே வானிலைக் குறிப்பு உண்டு. மற்ற மாகாணங்களும் தனித்தனியே அளந்தன. கருவி வேறு, நேரம் வேறு, படிவம் வேறு. ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வழியில்லை. 1864இல் கல்கத்தாப் புயல், 1866இல் ஒரிசாப் பஞ்சம் என்று அடுத்தடுத்து அடி விழுந்த பிறகே 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு. கருவிகளை ஒப்பிட்டுச் சரிசெய்வது, எந்த மணிக்கு அளப்பது, எப்படி எழுதுவது என்று அளப்பவர்களுக்கு ஒரு கையேடே எழுதினார்.

உலக அளவில் இதே வேலை 1873 செப்டம்பரில் வியன்னாவில் தொடங்கியிருந்தது. 20 நாடுகளின் 32 பிரதிநிதிகள் கூடி, அடுத்த மாநாடு வரை காரியம் பார்க்க நெதர்லாந்தின் பைஸ் பாலட் தலைமையில் ஒரு நிரந்தரக் குழுவை அமைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த பன்னாட்டு வானிலை அமைப்பின் முடிவுகளுக்கு எந்த அரசையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் கிடையாது. கடிதம் எழுதுவார்கள், நினைவூட்டுவார்கள், மறுபடி கூடுவார்கள். ஆபீஸ் வேலை பார்த்தவனுக்கு இதன் அருமை தெரியும். அதிகாரம் இல்லாமல் ஒரு படிவத்தை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நிரப்ப வைப்பது லேசுப்பட்ட காரியமா? 1950இல் அந்த அமைப்பின் இடத்துக்கு உலக வானிலை நிறுவனம் வந்தது.

இப்படிப்பட்ட பன்னாட்டுக் குழுக்களின் தலைமை நாற்காலியில் நம்மவரும் உட்கார்ந்திருக்கிறார். பாலக்காடு கல்பாத்தியில் 1893இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தவர் கே. ஆர். ராமநாதன். சி. வி. ராமனிடம் ஆய்வு செய்து, 1925இல் வானிலைத் துறைக்கு வந்தார். 1954 முதல் 1957 வரை பன்னாட்டுப் புவியளவையியல், புவி இயற்பியல் ஒன்றியத்தின் தலைவர் அவர்தான். 1957 ஜூலையில் தொடங்கி 1958 டிசம்பர் வரை 67 நாடுகள் சேர்ந்து பூமியை அளந்த 'பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு'க்கு ஏற்பாடுகள் நடந்த காலம் அது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் முறைத்துக்கொண்டிருந்த நேரம். அப்படியும் உலகத் தரவு மையங்கள் அமைந்தன: ஒன்று அமெரிக்காவில், ஒன்று சோவியத்தில், மூன்றாவது மேற்கு ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பிற நாடுகளிலுமாகப் பிரித்து. ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் பிரதி இருக்கும். எந்த நாட்டு ஆய்வாளரும் கேட்டு வாங்கலாம்.

பங்கு போடுவதில் தகராறு வராமலும் இல்லை. 1990களில் சில நாடுகளின் வானிலைத் துறைகள் தரவை விலைக்கு விற்கத் தொடங்க, 1995இல் ஜெனீவாவில் உலக வானிலை மாநாடு 40ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையான அடிப்படைத் தரவு எல்லோருக்கும் இலவசம். மற்றவற்றுக்கு நிபந்தனை போட்டுக்கொள்ளலாம். இரு தரப்பும் பாதி மனதோடு ஒப்புக்கொண்ட ஏற்பாடு. 2021இல் வேறு தீர்மானம் வரும்வரை அதுதான் நடைமுறையில் இருந்தது.

எட்டரை மணிக்கு வருகிறேன். முன்பு உள்ளூர் நேரப்படி காலை எட்டு மணிக்கு மழை அளந்தார்கள். பிறகு இந்திய நேரம் எட்டரை ஆயிற்று. கிரீன்விச் கணக்கில் அது சரியாக மூன்று மணி. உலகெங்கும் வானிலை பார்க்கக் குறித்துவைத்த நேரங்களில் ஒன்று. ஆபீஸ் திறக்கும் முன்பே வந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று நாங்கள் முணுமுணுத்த நேரத்துக்குப் பின்னால் இத்தனை பேர் இருந்தார்கள்.

1901 முதலான நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் மழைத் தரவு ஒன்றை இந்திய வானிலைத் துறை 6,955 நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு தயாரித்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் என்னைப் போன்ற எழுத்தர்களின் பெயரும் இல்லை, குழுக்களில் உட்கார்ந்து நேரத்துக்கும் படிவத்துக்கும் வாதாடியவர்களின் பெயரும் இல்லை. ஆளுக்கொரு மணியில் அளந்திருந்தால் 6,955 பதிவேடுகளும் கறையானுக்குத்தான் பயன்பட்டிருக்கும்.