‘சுத்தமா?’ என்னும் கேள்வி: தன்பாலீர்ப்பு ஆண்களும் எச்.ஐ.வி. ஒதுக்கலும்

தன்பாலீர்ப்பு ஆண்கள் பயன்படுத்தும் கைப்பேசிச் செயலிகளில், புதிதாக அறிமுகமாகும் இருவரிடையே எழும் கேள்வி ஒன்று உண்டு: ‘க்ளீன்?’. சுத்தமானவரா, அதாவது எச்.ஐ.வி. இல்லாதவரா என்பது அதன் பொருள். தொற்றுள்ளவர் அசுத்தமானவர் என்னும் தீர்ப்பு கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சுத்தம், தீட்டு என்னும் சொற்களால் மனிதரைப் பிரித்த சமூகத்தில் வாழும் நாம் இதை எளிதில் கடந்துவிட இயலாது. சாதித் தீண்டாமை பிறப்பின் பெயரால் தலைமுறைதோறும் சுமத்தப்படுவது. நோய் ஒதுக்கல் அதற்கு நிகரானதன்று. எனினும் உடலைத் தீட்டாகக் காணும் மனப்பாங்கு இரண்டிலும் உண்டு.

ஒதுக்கலின் வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள், குருதிக்கொடை அளித்துவந்த கோவா இளைஞர் டொமினிக் டிசோசா, தொற்றுள்ளவர் என்பதற்காகவே காவல்துறையால் பிடித்துச் செல்லப்பட்டு, 64 நாட்கள் தனிமையில் அடைக்கப்பட்டார். அவருடைய தாய் லூசி தொடுத்த வழக்கில், தனிமைப்படுத்தும் சட்டம் செல்லும் என்றே மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் வெளிவந்த ‘மை பிரதர் நிகில்’ திரைப்படம் அவர் வாழ்க்கையின் தாக்கத்தில் உருவானது.

நோயாளியை மட்டுமன்றி, நோயைத் தடுக்க உழைத்தவரையும் அரசு குற்றவாளியாக்கியது. 2001 ஜூலையில் லக்னோவில், ஆண்களிடையே பாதுகாப்பான பாலுறவு குறித்த விழிப்புணர்வுப் பணியில் ஈடுபட்டிருந்த களப்பணியாளர்கள் நால்வர் இந்திய தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவின்கீழ்க் கைது செய்யப்பட்டு, ஒன்றரை மாதத்திற்கும் மேலாகச் சிறையில் இருந்தனர். அதே ஆண்டில் நாஸ் அறக்கட்டளை அப்பிரிவை எதிர்த்து தில்லி உயர்நீதிமன்றம் சென்றது. அச்சத்தால் மறைந்து வாழும் மக்களைச் சுகாதாரப் பணி சென்றடைய இயலாது என்பது அதன் முதன்மை வாதங்களுள் ஒன்று. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் 2006-இல் இதையே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

மாறிய சட்டமும் அறிவியலும்

2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் இருவர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமன்று என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கே நாட்களில், 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதை அது தடை செய்கிறது. ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதும், தொற்று நிலையை வெளிப்படுத்துவதும் பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளன. நோய்த்தடுப்புக் களப்பணி குற்றமாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது.

அறிவியல் இன்னும் முன்னே சென்றுவிட்டது. ஒருவருக்குத் தொற்றிருந்து மற்றவருக்கு இல்லாத ஏறத்தாழ 780 ஆண் இணைகளிடம் ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வெளியானது. முறையாக மருந்துண்டு, குருதியில் வைரஸ் அளவு அடக்கப்பட்டிருந்த எவரிடமிருந்தும் இணையருக்கு ஆணுறையற்ற உறவிலும் தொற்று பரவவில்லை. ஆகவே ‘சுத்தமா?’ என்ற கேள்வி அறிவியல்படியும் பிழையானது. தன் நிலையை அறிந்து மருந்துண்பவரைவிட, பரிசோதனைக்கே செல்லாமல் தன்னைச் ‘சுத்தம்’ என்று நம்புபவர் வழியாகவே பரவும் வாய்ப்பு மிகுதி.

நாம் செய்யவேண்டுவன

தலித் தன்பாலீர்ப்பு ஆணுக்குச் சுமை பன்மடங்கு. ஊர் அறிந்த சாதி, வீட்டுக்குச் சொல்லாத பாலீர்ப்பு, மருத்துவமனையில் வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சும் நோய் ஆகிய மூன்றையும் அவர் ஒருசேரச் சுமக்கிறார். ஆங்கிலம் தெரிந்த நகர்ப்புற நண்பர் வட்டத்திற்குள் மட்டும் சுழலும் விழிப்புணர்வு அவரை எட்டாது. அவர் மொழியில், அவர் சூழலை அறிந்த தோழர்கள் பேசவேண்டும்.

அரசு மையங்களில் பரிசோதனையும், 2004 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சையும் இலவசம். தமிழ்நாட்டில் அப்பரிசோதனை மையங்களின் பெயர் நம்பிக்கை மையம். 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள நிறுவனங்களிலும், இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள மருத்துவ நிறுவனங்களிலும் புகார் அலுவலர் இருக்கவேண்டும் என்பது சட்டம். அவ்வாறு ஒருவர் உள்ளாரா என நம் கல்லூரியிலும் அரசு மருத்துவமனையிலும் கேட்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.

அரசும் சமூகமும் காட்டும் ஒதுக்கலை எதிர்க்கும் நாம், அதே அளவுகோலை நம் தோழர்மீது வைத்தல் தகாது. ‘நீ சுத்தமா?’ என்பதை விடுத்து, ‘கடைசியாக எப்போது பரிசோதித்துக்கொண்டோம்?’ என்று இருவருமே கேட்டுக்கொள்வோம்.