விட்டத்தை அறுக்க விட்டம் பத்தாது!

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், அவ்வளவுதான். தலைப்பைப் பார்த்துட்டு "இன்னிக்கு அறுவைதானா?"ன்னு கேக்குறவங்களுக்கு முன்கூட்டியே சொல்லிடுறேன்: ஆமாங்க, அறுவையேதான். ரம்பத்தைப் பத்தின ரம்பம். பொறுமை இருக்குறவங்க மட்டும் உள்ள வாங்க :-)

நான் இருக்குறது அமெரிக்காவுல ஓரிகன் மாகாணம், போர்ட்லண்ட் பக்கம். மழையும் மரமும் தவிர வேற ஒண்ணும் பெருசா கிடையாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ரிட்டயர் ஆன தச்சர். பழைய கொட்டகை ஒண்ணைப் பிரிச்ச இடத்துலேர்ந்து பத்து அங்குலத்துக்குப் பத்து அங்குலத்துல நாலு தூண் வாங்கிட்டு வந்து, வாசல்ல திண்ணைக் கூரை போட ஆரம்பிச்சார். பொட்டி தட்டுற எனக்கு சனிக்கிழமை பொழுது போகணுமே, "ஒரு கை பிடிக்கட்டுமா?"ன்னு போய் நின்னேன்.

அவர் வெச்சிருந்தது சாதாரண சர்க்குலர் சா, அதாவது கையில பிடிச்சு அறுக்குற வட்ட ரம்பம். அதுல பிளேடைக் கழட்டிட்டு, அந்த அச்சுல ஒரு சின்னப் பல்சக்கரத்தை மாட்டினார். அதுலேர்ந்து கீழ்நோக்கி 12 அங்குலத்துக்கு ஒரு இரும்புப் பட்டை. பட்டையைச் சுத்திச் செயின் சா சங்கிலி. ரம்பத்துக்குக் கீழ வால் முளைச்ச மாதிரி இருந்துச்சு. பிரேசின்னு ஒரு கம்பெனி இந்த அட்டாச்மெண்ட்டை 'பீம் கட்டர்'ங்கிற பேர்ல விக்குது.

"இதுக்கு நேரா செயின் சாவையே எடுக்கலாமே?"ன்னு கேட்டேன். "செயின் சா மரத்தை வெட்டும். எனக்கு வேண்டியது கோடு போட்ட இடத்துல நேரா வெட்டணும்"னார். செயின் சாவுக்கு அடிப்பலகை கிடையாது, நேர்க்கோடு நம்ம கையை நம்பித்தான். வட்ட ரம்பத்துக்கு மரத்து மேல படுத்து நகர்ற தட்டு இருக்கு, 45 டிகிரி வரைக்கும் சாய்ச்சுக்கலாம். அந்தத் தட்டோட ஒழுக்கமும் சங்கிலியோட ஆழமும் ரெண்டும் அவருக்கு வேணும்.

சரி, எதுக்கு இந்த ஒட்டு வேலை? இங்கதான் தலைப்பு வருது. தமிழ்ல வீட்டு உத்தரத்துக்கும் விட்டம்னு பேரு, வட்டத்தோட குறுக்களவுக்கும் விட்டம்னு பேரு. பிரச்சனையே இந்த ரெண்டு விட்டத்துக்கும் நடுவுலதான்.

கொஞ்சம் கணக்கு. சாதாரண வட்ட ரம்பத்தோட பிளேடு விட்டம் 7¼ அங்குலம், ஆரம் 3⅝. நடுவுல அச்சு, கியர் டப்பா, தட்டு எல்லாம் இடம் பிடிச்சுக்கும். மரத்துக்குள்ள இறங்குறது ஏறக்குறைய 2⅜ அங்குலம்தான். பத்தங்குலத் தூணை நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அறுத்தாலும், நடுவுல அஞ்சு அங்குலச் சதுரம் அறுபடாமயே நிக்கும். ஒரே இறக்கத்துல பத்து அங்குலம் போகணும்னா பிளேடு விட்டம் 20 அங்குலத்துக்கும் மேல இருக்கணும். மகிட்டா கம்பெனி 16 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பிளேடு போட்டு ஒரு ராட்சசனைப் பண்ணுச்சு. அதுவே 6¼ அங்குலம்தான் இறங்கும். வட்டத்துல ஒரு அங்குல ஆழம் கூட வேணும்னா ரெண்டு அங்குல விட்டத்தை விலையாக் கொடுக்கணும். சங்கிலிக்கு அந்தக் கவலை இல்லை, வளையும். பட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம்.

அப்படின்னா ஏன் முதல்லயே 2⅜ அங்குலத்தோட நிறுத்தினாங்க? இந்தக் கேள்விதான் என்னை ரெண்டு வாரம் தூங்க விடலை. கொசுவத்தியைச் சுத்துங்க, 1777-க்குப் போவோம்.

1777 ஆகஸ்டுல இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஊரைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் ஒரு காப்புரிமை வாங்கினார். விஷயம் காத்தாடி ஆலை பத்தினது. அதுக்குள்ள போற போக்குல வட்ட ரம்பம் வருது. அதே ஊர்ல வால்டர் டெய்லர்ங்கிறவர் கப்பல் பாய்மரக் கயிறுகளுக்கான கப்பி செய்யறதுக்கு வட்ட ரம்பம் வெச்சு அறுத்துக் கடற்படைக்கு சப்ளை பண்ணிட்டிருந்தார்.

அமெரிக்காவுல கேட்டா வேற கதை சொல்லுவாங்க. மாசசூசெட்ஸில் ஹார்வர்டுங்கிற கிராமத்துல (யுனிவர்சிட்டி இல்லைங்க, அது வேற ஊர்) ஷேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த டபிதா பாபிட்ங்கிற அம்மா, ரெண்டு ஆளுங்க பெரிய வாளை முன்னும் பின்னும் இழுக்குறதைப் பார்த்திருக்காங்க. முன்னால போகும்போது மட்டும்தான் அறுக்குது, திரும்பி வர்ற பாதி உழைப்பு வீண். ஒரு தகரத் தட்டுல பல் வெட்டி, நூல் நூற்கிற ராட்டினத்துல மாட்டிச் சுத்தி அறுத்துக் காட்டினாங்களாம். வருஷம் 1813-ன்னு சொல்றாங்க. மில்லருக்கு 36 வருஷம் கழிச்சு. ஆனா அந்தக் கவனிப்பு இருக்கு பாருங்க, 'திரும்பி வர்ற இழுப்பு வீண்'ங்கிறது, அது சுத்தமான இஞ்சினியர் மூளை. ரெண்டு இடத்துல ரெண்டு பேருக்கு ஒரே யோசனை வர்றது நமக்கென்ன புதுசா? நாம எழுதின கோடை அப்படியே அச்சடிச்ச மாதிரி வேற எவனோ நமக்கு முன்னாடியே எழுதி வெச்சிருப்பான் :-)

இப்ப அதே 1777, அக்டோபர் மாசம், பாரிஸ். சிகோல்ங்கிற டாக்டர், குழந்தை வெளிய வர முடியாம சிக்கிக்கிட்ட ஒரு தாய்க்கு இடுப்பெலும்பின் முன்பக்கக் குருத்தெலும்பை அறுத்து வழி விட்டார். மயக்க மருந்து வர இன்னும் 70 வருஷம் இருக்கு. ஈதர் 1846, குளோரோஃபார்ம் 1847. நினைச்சாலே வயித்தைப் பிசையுது.

இந்த அறுவை சிகிச்சையைக் கத்தியால செய்யறது கஷ்டம்னு, ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் 1785-ல வெளியான தன்னோட பிரசவ மருத்துவப் புத்தகத்துல ஒரு கருவியைக் காட்டினார். கடிகாரச் சங்கிலி மாதிரி மெல்லிசா, உள்பக்கம் பல் வெச்ச சங்கிலி, ரெண்டு முனையிலயும் பிடி. எலும்பைச் சுத்திவிட்டு மாத்தி மாத்தி இழுக்கணும். கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் தனியா இதே யோசனைக்கு வந்தார். அவர் இதை நோயுற்ற மூட்டெலும்புகளை அறுக்கப் பயன்படுத்தினார். 1830-ல ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஹைனே ஒரு படி மேல போய், ஒரு பட்டையைச் சுத்தி ஓடுற சங்கிலியைக் கைப்பிடி சுத்தி இயக்குற எலும்பு ரம்பத்தைச் செஞ்சார். அதோட படத்தைப் பார்த்தா இன்னிக்கு இருக்குற செயின் சாவோட பொம்மை மாதிரியே இருக்கும்.

"செயின் சாவைப் பிரசவத்துக்காகத்தான் கண்டுபிடிச்சாங்க"ன்னு ஃபார்வர்டு சுத்துதே, அதுல இருக்குற உண்மை இவ்வளவுதான். மோட்டாரும் இல்லை, புகையும் இல்லை. கையால இழுக்குற சின்னச் சங்கிலி. ஆனா தொடக்கம் அங்கதான்: நேர் வாள் நுழைய முடியாத இடத்துல வளைஞ்சு போற பல். அறுவைங்கிற ஒரே சொல்லை நாம மரத்துக்கும் மனுஷ உடம்புக்கும் சேர்த்து வெச்சிருக்கோம். காரணமில்லாம இல்லை போல.

மரத்துப் பக்கம் வர்றதுக்கு அந்தச் சங்கிலிக்கு ரொம்ப நாளாச்சு. 1905-ல சான் பிரான்சிஸ்கோவின் சாமுவேல் பென்ஸ், கலிபோர்னியாவின் ராட்சச ரெட்வுட் மரங்களை மனசுல வெச்சு முடிவில்லாச் சங்கிலி ரம்பத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1926-ல ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரத்துல ஓடுறதைக் கொண்டு வந்தார். அடுத்த வருஷமே எமில் லெர்ப் பெட்ரோல்ல ஓடுறதை டோல்மார்ங்கிற மலையில சோதிச்சுப் பார்த்துட்டு, கம்பெனிக்கும் மலையோட பேரையே வெச்சுட்டார். எல்லாமே ரெண்டு பேர் சேர்ந்து தூக்குற எடை. ஒத்தை ஆள் தூக்குறது 1950 வாக்குலதான் பரவலாச்சு.

அப்பவும் சங்கிலியோட பல் மட்டும் கைவாள் பல்லோட காப்பிதான். சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி அரம் போடணும். 1946-ல இதே ஓரிகன்ல ஜோசப் காக்ஸ்ங்கிறவர் விறகு பிளக்கும்போது ஒரு வண்டோட புழுவைப் பார்த்தார், ஆள்காட்டி விரல் தண்டி. நல்ல மரத்தை நாரோடயும், நாருக்குக் குறுக்கயும் ஒரே மாதிரி தின்னுட்டுப் போகுது. அதோட தாடை இடமும் வலமுமா மாத்தி மாத்திச் சுரண்டுது. அதைப் பார்த்து இடப்பல், வலப்பல்னு மாறி மாறி வர்ற சங்கிலியைச் செஞ்சார். 1947-ல போர்ட்லண்ட்ல தன் வீட்டு நிலவறையிலயே கம்பெனி ஆரம்பிச்சார். பெரியவரோட ரம்பத்துல ஓடின சங்கிலியும் அந்தப் புழுவோட வாரிசுதான்!

இப்ப 2⅜ அங்குலக் கேள்விக்கு வருவோம். அந்தக் காலத்துல அமெரிக்க வீடுன்னா பெரிய தூண், பெரிய விட்டம், துளையும் நாக்கும் செதுக்கிக் கோக்குற வேலை. 1830-கள்ல சிகாகோவுல மெல்லிசான சட்டங்களை நெருக்கமா நிறுத்தி ஆணி அடிச்சு வீடு கட்டுற முறை வந்துச்சு. அறுவை மில்லும் மெஷின் ஆணியும் சேர்ந்து தச்சரோட பாதி வேலையைச் சாப்பிட்டுடுச்சு. நாட்டு வீடெல்லாம் 'ரெண்டுக்கு நாலு' சட்டமாச்சு. அந்த 'ரெண்டு' இன்னிக்கு உண்மையில 1½ அங்குலம்.

1920-களின் தொடக்கத்துல எட்மண்ட் மிஷேல்ங்கிறவர் லூசியானாவுல ஆளுங்க வேர்க்க விறுவிறுக்கக் கரும்பு வெட்டுறதைப் பார்த்துட்டு, அரிவாளுக்கு மோட்டார் வெச்சா என்னன்னு யோசிச்சார். மில்க் ஷேக் கலக்குற மெஷினோட மோட்டாரை எடுத்துச் சின்ன ரம்பப் பிளேடோட சேர்த்தார்னு சொல்வாங்க. ஜோசப் சல்லிவனோட கூட்டு சேர்ந்து 1924-ல சிகாகோவுல கம்பெனி. கரும்பு போச்சு, மரம் வந்துச்சு. 1926-ல மிஷேல் வெளிய போயிட்டார். கம்பெனி பிறகு ஸ்கில்சான்னு பேரெடுத்துச்சு, அவர் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1929-ல போர்ட்டர்-கேபிள் கம்பெனியோட ஆர்ட் எம்மன்ஸ் மோட்டாரைப் பக்கவாட்டுல வெச்சு இன்னும் எடை குறைவா ஒண்ணு செஞ்சார்.

7¼ அங்குலப் பிளேடு சாய்க்காம 2⅜ அங்குலம் இறங்கும், 45 டிகிரி சாய்ச்சா 1¾ வாக்குல. அதாவது 1½ அங்குலச் சட்டத்தைச் சாய்வா வெட்டக் கச்சிதமான ஆழம். வீடு மாறுச்சு, அந்த வீட்டுக்கு ஏத்த ரம்பம்தான் ஊரெல்லாம் பரவுச்சு. 1970-கள்ல நியூ இங்கிலாந்து பக்கம் சில தச்சர்கள் பழைய தூண்-விட்ட முறைக்குத் திரும்பினாங்க. மரம் திரும்பி வந்துச்சு, கையில இருந்த ரம்பத்துக்கு எட்டலை. 1777-ல பிரிஞ்சு கிளம்பின ரெண்டும் பெரியவர் கையில ஒண்ணாச் சேர்ந்தது அதனாலதான்.

கடைசியா, எனக்கு நடந்த கதை. ரெண்டாவது தூணை நான் அறுத்தேன். சங்கிலி வெண்ணெய்ல போற மாதிரி இறங்குச்சு. அறுத்து முடிச்ச சந்தோஷத்துல, வட்ட ரம்பத்தை எப்பவும் செய்யற மாதிரி விசையை விட்டவுடனே கால் பக்கத்துல இறக்கினேன். பெரியவர் போட்ட சத்தத்துல அப்படியே உறைஞ்சு நின்னேன். சங்கிலி இன்னும் சுத்திட்டிருந்துச்சு, என் முழங்காலுக்கு நாலு விரல் தள்ளி.

வட்ட ரம்பத்துல மரத்தை விட்டு வெளிய வந்ததும் ஸ்பிரிங் காப்பு தானா மூடிக்கும். என் கை அதைத்தான் பழகியிருந்துச்சு. இதுல அந்தக் காப்பு இல்லை, 12 அங்குலத்துக்குச் சங்கிலி திறந்து கெடக்கு. செயின் சாவுல இருக்குற பிரேக்கும் இல்லை. ரெண்டு மெஷினோட பலமும் சேர்ந்துச்சு, ரெண்டோட பாதுகாப்பும் விட்டுப் போச்சு. நம்ம பொழப்புலயும் இதைப் பார்த்திருக்கோம்: ரெண்டு புரோகிராமை நடுவுல ஒரு அடாப்டர் போட்டு இணைப்போம், கம்பைல் ஆகும், ஓடவும் ஓடும். ஆனா ஒவ்வொண்ணும் 'அந்தப் பக்கம் பார்த்துக்கும்'னு நம்பிட்டிருந்த விஷயம் நடுவுல விழுந்திருக்கும். அங்க விழுந்தா பக் ரிப்போர்ட். இங்க விழுந்தா கால்.

பெரியவர் திட்டலை. "அது நிக்கிற வரைக்கும் நீயும் நில்லு" அவ்வளவுதான் சொன்னார். மூணாவது தூணையும் என்கிட்டயே கொடுத்தார். அறுத்துட்டு, சங்கிலி நிக்கிற வரைக்கும் ரம்பத்தைத் தூக்கிப் பிடிச்சபடி நின்னேன். சில விநாடிதான். ரொம்ப நீளமா இருந்துச்சு.

டிஸ்கி: ஆன்லைன்ல ஆங்கிள் கிரைண்டரைச் செயின் சாவா மாத்துற கிட் சல்லிசா விக்குது. கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து வரைக்கும் சுத்தும் பிறவி. தயவுசெஞ்சு வாங்காதீங்க.

டிஸ்கி 2: உங்க ஊர் ஆசாரிமார் கனமான விட்டத்தை எப்படி அறுப்பாங்கன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. "ரம்பம் தாங்கலை"ன்னு வர்ற பின்னூட்டங்களும் வரவேற்கப்படும் :-)