தலைக்கவசத்தில் கொதித்த வெந்நீர்

ஒரு பொருள் எதுக்குன்னு முடிவு செய்வது வடிவமைத்தவரா, பயன்படுத்துபவரா? பொறியியல் படித்த எனக்கு இந்தக் கேள்வியை எழுப்பியது அமெரிக்க ராணுவத்தின் எம்-1 தலைக்கவசம்.

1941-இல் வந்த இது இரண்டு அடுக்கு கொண்டது. தலையைப் பிடிக்கும் வார்கள் இலேசான உள்ளுறையில் இருந்தன. அதன்மேல் எஃகு ஓடு. உள்ளுறையைக் கழற்றினால் கையில் இருப்பது ஒரு சட்டி! இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 2 கோடிக்கும் மேல் செய்தார்கள். சிப்பாய்கள் அதில் முகம் கழுவினார்கள், சவரம் செய்தார்கள், துணி துவைத்தார்கள். அதைக் கொண்டு மண் அள்ளினார்கள், கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அடுப்பிலும் ஏற்றினார்கள்.

சிக்கல் அடுப்பில்தான். அந்த ஓடு மாங்கனீசு எஃகு. 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு உருவாக்கியது. அடி விழ விழ இறுகும். ஆனால் மறுபடி அதிகமாகச் சூடேறினால் உள்ளே கார்பைடுகள் பிரிந்து, எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தண்ணீர் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை; வற்றிய பிறகு நெருப்பில் இருந்தால் கவசம் கெட்டது. அதில் சமைக்க வேண்டாமென ராணுவம் எச்சரித்தும் சிப்பாய்கள் கேட்கவில்லை.

அவர்களை அசட்டையானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரல. குண்டு எப்போதாவதுதான் வரும். வெந்நீர் தினமும் வேணும்.

1980-களில் கெவ்லார் கவசம் வந்தது. பாதுகாப்பு கூடியது, கழற்ற ஓடு இல்லை. உயிர்களைக் காத்த நல்ல வடிவமைப்புதான். ஆனா சட்டி போனது போனதுதான். அந்தக் கணக்கையும் வரலாறு எழுதி வைக்கணும்.